கேட்டுக் கட்டிய கயிறு

1954 பங்குனியில் கண்ணாத்தாள் என்னிடம் வந்தபோது அவளுடைய வலது கை மணிக்கட்டோடு தொங்கிக்கொண்டிருந்தது. விரலை நீட்டச் சொன்னேன். நீட்ட முடியவில்லை. முழங்கைக்கு மேலே கயிறு பதிந்த தடம் கருஞ்சிவப்பாக இருந்தது.

கந்தர்வக்கோட்டைக்கு மேற்கே ஒரு சின்ன மருந்தகத்தில் நான் அப்போது நர்ஸ். டாக்டர் வாரத்துக்கு இரண்டு நாள்தான் வருவார். மற்ற நாட்களில் இன்னாசியம்மாள் என்கிற நான்தான் எல்லாம். கண்ணாத்தாளுக்கு இருபத்தெட்டு வயது இருக்கும். அவளைக் கூட்டி வந்த கணவன் நாகராசு முந்திரிக்கொட்டை மண்டியில் மூட்டை தைப்பவன். உள்ளே வராமல் வேப்பமரத்தடியில் நின்று, வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கதவைச் சாத்திவிட்டு, யார் கட்டியது என்று கேட்டேன். தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்.

"நாந்தான் கட்டச் சொன்னேன் நர்ஸம்மா. ஒண்ணாப் படுக்கையில எங்க ரெண்டு பேருக்கும் அது புடிக்கும். மூணு வருசமா நடக்குது. நான் போதும்னா அவுக அவுத்துருவாக."

மீதியைத் துண்டுதுண்டாகச் சொன்னாள். எப்போதும் பழைய வேட்டிக் கிழிசலில்தான் கட்டுவானாம். கட்டியதும் இடுக்கில் விரலை விட்டுப் பார்ப்பான், கை மரத்துப்போகிறதா என்று இரண்டு மூன்று தடவை கேட்பான். அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் மட்டும் கைக்கு எட்டியது புதுச் சணல் கயிறு. அவன் ஒருமுறை கேட்டபோது விரல்கள் மரத்துத்தான் இருந்தன. சரியாகிவிடும் என்று நினைத்து இவள் இல்லை என்று சொல்லிவிட்டாள். வெயில் அலுப்பில் இரண்டு பேரும் கண்ணயர்ந்துவிட்டார்கள். விழித்தபோது கை அவளுடையதாகவே இல்லை. முடிச்சு இறுகிப்போயிருந்தது. பக்கத்தில் கத்தி வைத்துக்கொள்ளவில்லை. அவன் அடுப்படிக்கு ஓடி அரிவாள்மனையைத் தூக்கி வந்து அறுத்திருக்கிறான்.

நான் நம்பவில்லை. வழுக்கி விழுந்தேன், மாடு முட்டியது என்று புருஷனைக் காப்பாற்றப் பொய் சொன்ன பெண்கள் எத்தனையோ பேரை அந்த அறையில் பார்த்திருக்கிறேன். இது அதைவிடக் கெட்டிக்காரப் பொய் என்றுதான் பட்டது. பலகைத் துண்டு வைத்து மணிக்கட்டை நிமிர்த்திக் கட்டி அனுப்பினேன். நரம்பு நசுங்கியிருக்கிறது, மெல்ல மெல்லத்தான் உயிர் வரும் என்று பிறகு டாக்டர் சொன்னார்.

மூன்றாம் நாள் அவளுடைய அண்ணன் உடையப்பன் காலில் முள் குத்திய புண்ணோடு வந்தான். தங்கையைக் கவனிக்கக் கூடாதா, அவள் புருஷன் கயிற்றால் கட்டிக் கொடுமைப்படுத்துகிறானே என்று நானாகச் சொன்னேன். நல்லது செய்கிற நினைப்புதான் எனக்கு. அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவேண்டும் என்று தோன்றவில்லை.

மறுநாள் காலையில் உடையப்பனும் பங்காளிகள் இரண்டு பேரும் நாகராசுவை மண்டியிலிருந்து இழுத்துப் போய் ஊர்ப் பொதுக்கிணற்றுக்கு எதிரே இருந்த பனையில் கட்டினார்கள். மாடு கட்டித் தண்ணீர் இறைக்கும் கமலை வடத்தால் இறுக்கி, உச்சிப்பொழுதுவரை அடித்தார்கள். அவிழ்த்துவிடச் சொல்லி அவன் கெஞ்சினான். சுற்றி நின்ற யாரும் கிட்டப் போகவில்லை.

சேதி கேட்டுக் கண்ணாத்தாள் ஓடிவந்தாள். பலகை கட்டிய கை ஒரு பக்கம் தொங்க, இடது கையாலும் பல்லாலும் முடிச்சை அவிழ்க்கப் பார்த்தாள். உடையப்பன் அவளைப் பிடித்து இழுத்து, உனக்காகத்தானே செய்கிறேன் என்றான். அவள் ஊர் முழுக்கக் கேட்கச் சொன்னாள்.

"அவுக என்னையக் கேட்டுக் கட்டுனாக. நான் சொன்னா அவுத்தாக. ஒன்னைய யாருண்ணே கட்டச் சொன்னா?"

கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். சில பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அந்த ஒரு பேச்சில் அவளுடைய மானம் போயிற்று. ஆனால் அதற்குப் பிறகுதான் உடையப்பன் அரிவாளை எடுத்து வடத்தை வெட்டினான்.

நாகராசுவை மாட்டுவண்டியில் என்னிடமே கொண்டுவந்தார்கள். விலா எலும்பு இரண்டு உடைந்திருந்தது. இரண்டு கைகளும் ஊதிக் கறுத்திருந்தன. போலீஸில் எழுதிக் கொடுக்கலாம் என்றேன். அப்புறம் அங்கேயும் எல்லாவற்றையும் சொல்லவேண்டும் என்று முனகினான். எழுதிக் கொடுக்கவில்லை.

அந்த ஊரில் அவர்களால் இருக்க முடியவில்லை. தண்ணீருக்குப் போனால் கிணற்றடியில் பேச்சு நின்றுவிடும். ஆனியில் இலுப்பூருக்குப் போய்விட்டார்கள். ஐந்தாறு மாதத்தில் அவளுடைய கை தேறியது. அவன் தேறவில்லை. ஊசி பிடிக்க விரல் மடங்கவில்லை, இருமல் விடவேயில்லை. யாராவது சும்மா மணிக்கட்டைத் தொட்டால்கூட உதறிக்கொண்டு எழுந்துவிடுவானாம். 1961-ல் நெஞ்சு நோயில் செத்துப்போனான்.

இரண்டு வருடம் கழித்து அம்மை குத்தும் வேலையாக இலுப்பூர் போனேன். ஒரு பள்ளிக்கூடத்தில் மதியச் சாப்பாடு சமைத்துக்கொண்டிருந்தாள் கண்ணாத்தாள். என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டாள். என்னை மன்னித்துவிடு என்றேன். அடுப்பில் விறகைத் தள்ளிவிட்டு நிதானமாகப் பேசினாள்.

"மரத்துப்போச்சுன்னு நான் சொல்லிருக்கணும். அவுக வெரல விட்டுப் பாத்துருக்கணும். ரெண்டு பேரு மேலயும் தப்பு இருக்கு. அது எங்க தப்பு, நாங்க பாத்துக்கிட்டிருப்போம். ஒங்ககிட்ட சொன்னது ஒங்களுக்குச் சொன்னது நர்ஸம்மா. அதை அங்கிட்டுக் கொண்டுபோகச் சொல்லி நான் சொல்லலையே."

அவளை அப்போது நம்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்க வாயெடுத்தேன். பிள்ளைகள் தட்டோடு வரிசையில் நிற்க ஆரம்பித்துவிட்டார்கள். அவள் சோற்றுக் குண்டானின் இரு காதையும் பிடித்துத் தூக்கிக்கொண்டு அவர்களிடம் போனாள். எனக்கு மன்னிப்புக் கொடுத்தாளா என்று இன்றுவரை தெரியாது.