என் ஓரகத்தியின் சிவப்புச் சுங்குடி

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் முருகன் படத்துக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தேன். கொழுந்தனார் வேலைக்காகக் குடிபோயிருந்த வேடசந்தூர் மில்லிலிருந்து சைக்கிளில் வந்த ஆள் ஒருவர் வாசலிலேயே நின்று, "பேச்சியம்மா தவறிட்டாங்கம்மா" என்றார். என் கொழுந்தனாரின் மனைவி, எனக்கு ஓரகத்தி. உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். 'சுமங்கலியாகப் போய்விட்டாளே' என்றுதான் முதலில் தோன்றியது. அதிலும் என்னை முந்திக்கொண்டாள்.

பத்து வருடங்களுக்கு முன், திண்டுக்கல் வீட்டு மாடியில் எங்களுக்கு ஆளுக்கோர் அறை எடுத்தார் மாமனார். பழைய மச்சு செங்கல் பாரம் தாங்காது என்று, பஞ்சுக் கோடவுன் பிரித்த இடத்தில் பலகைச் சுவர்கள் வாங்கி வந்தார். இரண்டு பலகைக்கு நடுவே தேங்காய் நார் திணித்தவை; வெயில் உள்ளே இறங்காது. அதன்மேல் சுண்ணாம்புக் காரை பூச ஏற்பாடு. மூத்தவள் என்பதால் சாமி படம் என் அறைச் சுவருக்கு என்றார். இருவருக்கும் ஒரே மாதிரி சிவப்புச் சுங்குடிச் சேலையும் எடுத்துத் தந்தார்.

பலகைகள் சேரும் இடத்தில் காரை வெடிக்கும், சாக்குக் கிழிசலைச் சுண்ணாம்பில் நனைத்து ஒட்டவேண்டும் என்றார் கொத்தனார். பேச்சி சம்மதித்தாள். முதல் பூச்சைக் கீறிவிட்டு, நாலு நாள் ஈரம் காத்து, அடுத்ததைப் பூசவைத்தாள். நான் மறுத்துவிட்டேன். காலில் மிதிபட்ட சாக்கு சாமி சுவருக்கா? தைப்பூசம் வேறு நெருங்கிவிட்டது. ஒரே நாளில் கனமாகப் பூசச் சொன்னேன்.

"செவுரும் நம்ம மாமியா மாதிரிதான்க்கா. ஒரே நாள்ல அம்புட்டையும் அப்புனா உதறிப்புடும்" என்று சிரித்தாள்.

தைப்பூசத்துக்கு இரண்டு நாள் இருக்கையில் என் சுவர் காரையை உதறிவிட்டது. படம் அவள் அறைக்குப் போனது. பழனிக்கு நடந்த சொந்தக்காரர்களெல்லாம் அவள் கையால் திருநீறு வாங்கினார்கள். "எளையவ கைராசிக்காரி" என்று ஒருத்தி சொன்னது இன்னும் காதில் எரிகிறது.

அன்றிலிருந்து செவ்வாய் விரதம் பிடித்தேன். அம்மாவுக்கு முடியவில்லை என்று வத்தலக்குண்டு போய்ப் பத்து நாள் கழித்துத் திரும்பினால், என் சுவர் பூசி முடிந்திருந்தது. ஒரு கீறல் இல்லை. படமும் திரும்பி வந்தது.

"பாத்தியா, என் வெரதம் வீண்போகல."

"ஆமாக்கா. பிடிமானமும் வேணும்ல?"

குத்திக்காட்டுகிறாள் என்று இரண்டு நாள் அவளோடு பேசவில்லை.

அந்தச் சுங்குடியை அவள் எந்த விசேஷத்துக்கும் உடுத்தவில்லை. ஏதோ பெரிய நாளுக்கு வைத்திருக்கிறாள், அன்று என்னை மங்கடிப்பாள் என்று நானும் என்னுடையதை மடிப்புக் கலைக்காமல் வைத்திருந்தேன்.

அவள் தவறிய அந்தச் செவ்வாயன்று மதியம் அவளைத் திண்டுக்கல் வீட்டுக்கே கொண்டுவந்தார்கள். "ஒங்கம்மா சிவப்புச் சுங்குடியக் கொண்டாந்தியா? அதக் கட்டிவிடுவோம்" என்றேன் அவள் மகள் வள்ளியிடம்.

"அது ஏது பெரியம்மா? ஒங்க சாமி செவுத்துக்குள்ளதான இருக்கு" என்றாள். "சாக்குன்னா நீங்க ஒத்துக்க மாட்டீங்க, கோடித்துணின்னா குத்தமில்லன்னு அம்மாதான் கிழிச்சுக் குடுத்துச்சாம். ஒங்ககிட்டச் சொல்லக் கூடாதுன்னு எங்கிட்டச் சத்தியம் வாங்கிருச்சு."

உள்ளே போய் என் சேலையை எடுத்துவந்து அவளுக்கு உடுத்தினேன். அவளுக்குத்தான் எடுப்பாக இருந்தது.

எதையும் எழுதிவைத்துச் சரிபார்க்கிறவள் நான். சேலைக்குச் சேலை சரியாகிவிட்டது என்று எழுதக் கை வரவில்லை. என்னுடையது அவளோடு சாம்பலாகிவிட்டது. அவளிடமிருந்து எனக்கு மிஞ்சிய சேலையோ, சுண்ணாம்புக்குள் இருந்துகொண்டு என் முருகனைத் தாங்குகிறது. இன்று காலையும் அந்தச் சுவரின் முன்னால் பொறாமையோடுதான் கும்பிட்டேன்.