அப்பாவின் இனிஷியலுக்கு வந்த மெயில்கள்

முதல் மெயில் எண்ணெய் இல்லாமல் வடை பொரிக்கும் ஒரு மிஷினைப் பற்றியது. எழுதியவள் ஒரு பெண். தான் மூன்று மாதமாக அதில்தான் சமைப்பதாகவும், வீட்டுக்காரருக்குக் கொழுப்பு இறங்கிவிட்டதாகவும், அந்த நன்மை எனக்கும் கிடைக்க வேண்டும் என்று மனசு கேட்காமல் எழுதுவதாகவும் சொல்லியிருந்தாள். கீழே நீல எழுத்தில் ஒரு லிங்க் இருந்தது. நான் ஊரில் பத்தாவது வரை தமிழில் படித்தவள். ஆங்கிலத்தை எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன். அதைப் படித்து முடிக்க ஒரு குக்கர் சாதம் வெந்து இறங்கும் நேரம் ஆயிற்று. முன்பின் தெரியாதவள் என் மேல் இவ்வளவு அக்கறைப்படுவாளா என்று அப்போதே எனக்கு உறுத்தியது.

அதன்பின் முடி கொட்டாமல் இருக்க ஒரு எண்ணெய், மூட்டுக்கு ஒரு பெல்ட், ஆங்கிலம் பேச ஒரு கோர்ஸ் என்று வாரத்தில் மூன்று நாலு வந்தன. ஒவ்வொன்றையும் வேறு வேறு பெண் எழுதியிருந்தாள். எல்லாப் பெண்களுக்கும் அதே அக்கறை.

என் மகள் இங்கே புனேயில், ஹிஞ்சேவாடியில் ஒரு ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கிறாள். எனக்கு மெயில் ஆரம்பித்துக் கொடுத்தவளும் அவள்தான். அன்று டிராஃபிக்கில் மாட்டி, கம்பெனி வண்டியிலிருந்து வாடிப்போய் இறங்கி வந்தவளிடம் போனை நீட்டினேன்.

"அம்மா, இவங்க பொருள் செய்யறவங்க இல்ல. இந்த லிங்க் வழியா போய் நீ வாங்கினா இவங்களுக்கு கமிஷன். லிங்க் கடைசில ஒரு நம்பர் இருக்கு பாரு. எல்லா மெயில்லயும் அதே நம்பர். ஒரே ஆளுதான்."

"அப்ப கொழுப்பு இறங்கினது?"

"எவனுக்கும் இறங்கல. டிலீட் பண்ணிட்டுப் போ."

"என் அட்ரஸ் எப்படிக் கிடைச்சுது?"

"எங்கயாச்சும் குடுத்திருப்ப."

"நான் யாருக்கும் குடுக்கல."

"எல்லாரும் அப்படித்தாம்மா சொல்வாங்க" என்று சொல்லிவிட்டு அவள் குளிக்கப் போய்விட்டாள்.

நான் டிலீட் செய்யவில்லை. மறுநாள் மத்தியானம் எல்லாவற்றையும் வரிசையாகத் திறந்து பார்த்தேன். அப்போதுதான் மேல் வரியைக் கவனித்தேன். 'டியர்' என்று போட்டு, பக்கத்தில் ஒரே ஒரு எழுத்து. அது என் பெயரின் எழுத்து இல்லை. என் வீட்டுக்காரர் பெயரின் எழுத்தும் இல்லை. என் அப்பா பெயரின் முதல் எழுத்து.

கல்யாணமாகி இந்தப் புனே தாபோடிக்கு வந்து இருபத்தாறு வருடம் ஆகிறது. இங்கே எந்தக் காகிதமானாலும் பெயர், கணவர் பெயர், குடும்பப் பெயர் என்று மூன்று கட்டம் இருக்கும். நமக்குக் குடும்பப் பெயர் ஏது? கேஸ், பேங்க், ரேஷன் எதை எடுத்தாலும் வீட்டுக்காரர் பெயரைத்தான் இழுத்து இழுத்து நிரப்பியிருக்கிறேன். அப்பாவின் இனிஷியல் பள்ளிக்கூடச் சர்டிஃபிகேட்டோடு நின்றுவிட்டது.

ஒரே ஒரு இடத்தைத் தவிர.

இந்த வருடம் எங்கள் முருகன் கோவிலில் பங்குனி உத்திரத்துக்குப் பால்குடம் எடுப்பவர்கள் பெயரை நோட்டில் எழுதாமல், போனிலேயே ஒரு படிவம் அனுப்பி வாங்கினார்கள். அதில் பெயருக்கு இரண்டு கட்டங்களும் மெயிலுக்கு ஒரு கட்டமும் இருந்தன. என் வேண்டுதல் கல்யாணத்துக்கு முன்பே நேர்ந்துகொண்டது. வருடா வருடம் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. முருகனிடம் சொன்னபோது நான் அப்பாவின் இனிஷியலோடு இருந்தேன். அவனுக்கு அந்தப் பெயர்தானே தெரியும்? யாரும் பார்க்கவில்லை என்று அந்த இனிஷியலையே போட்டேன். இனிஷியல்தானே முன்னால் வரும், அதனால் முதல் கட்டத்தில் அது, இரண்டாவது கட்டத்தில் என் பெயர். மெயில் அனுப்பும் மிஷினுக்கு முதல் கட்டம்தான் ஆளின் பெயர் போலிருக்கிறது. அதனால்தான் அந்த ஒற்றை எழுத்தைக் கூப்பிட்டு வடை சுடச் சொல்கிறது.

கண்டுபிடித்துவிட்ட சந்தோஷம் ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. அந்தப் படிவத்தைச் செய்ததும், பெயர்களை வாங்கி வைத்திருந்ததும் எதிர்வீட்டுக்காரி.

அவளைப் பற்றிச் சொல்ல வேண்டும். புனேயில் பிறந்து வளர்ந்த தமிழ்ப்பெண். என்னைவிட ஐந்தாறு வயது சின்னவள். தமிழும் இந்தியும் மராத்தியும் அவள் வாயில் ஒரே குழம்பாக இருக்கும். எனக்குக் கூச்ச சுபாவம். கடைக்காரர் மீதிச் சில்லறையைக் குறைத்துக் கொடுத்தால்கூடக் கேட்காமல் வந்துவிடுவேன். டாக்டர், பேங்க், மகளின் காலேஜ் அட்மிஷன் என்று பதினைந்து வருடமாக எங்கே போனாலும் அவள்தான் எனக்காகப் பேசினாள். அவள் இல்லாவிட்டால் இந்த ஊரில் எனக்கு வாய் கிடையாது. அதனால் இது வெறும் மெயில் விஷயம் இல்லை. அவள்தான் என்று தெரிந்துவிட்டால், அதன்பின் யாரோடு பேசுவேன் என்பதுதான் என் பயம்.

ஆனாலும் சந்தேகம் வந்தபின் கண் சும்மா இருக்குமா? அவள் வேலை பார்த்துவந்த டியூஷன் சென்டரை மூடிவிட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். அதற்கப்புறம் மத்தியான வேளையில் அவள் கதவு சாத்தியே இருந்தது. நான் உள்ளே போனால் போனைக் கவிழ்த்து வைத்தாள். முன்பெல்லாம் யார் மெசேஜ் அனுப்பினாலும் எனக்குப் படித்துக் காட்டிச் சிரிப்பவள். 'என்னடி பார்த்துட்டிருக்க?' என்று கேட்டால் 'சும்மா, ஃபால்தூ, ஒண்ணுமில்ல' என்றாள்.

நேராகக் கேட்டிருக்கலாம். எனக்கு அது வராது. அதனால் ஒரு பொய் சொன்னேன்.

காய்கறி வண்டிக்காரர் வந்திருந்தார். நாங்கள் இரண்டு பேர்தான் கீழே நின்றோம். கொத்தவரங்காயைப் பொறுக்கிக்கொண்டே, "எனக்குச் சக்கரை வந்திருக்கும் போல இருக்குடி. மயக்கமா வருது, தாகமா இருக்கு. வீட்ல யார்கிட்டயும் சொல்லல" என்றேன். எனக்கு மயக்கமும் இல்லை, தாகமும் இல்லை. இனி சர்க்கரைக்கு மருந்து என்று ஒரு மெயில் வருகிறதா என்று பார்க்கலாம். வந்தால் அவள்தான். அதுதான் என் கணக்கு.

அவள் கையிலிருந்த தக்காளியைத் திரும்ப வண்டியில் வைத்தாள். "அரே அக்கா! என்ன இவ்ளோ ஆராமா சொல்ற?" என்று என்னை முறைத்துவிட்டு, வண்டிக்காரரிடம் மராத்தியில் ஏதோ சொல்லி, பாகற்காயையும் வெந்தயக் கீரையையும் அள்ளி என் பையில் போட்டாள். "கார்லா ஜூஸ் நானே போட்டுக் கொண்டுவரேன். நீ கசக்குதுன்னு ஸிங்க்ல ஊத்திடுவ. என் முன்னாடி குடிக்கணும்."

சொன்னபடியே மறுநாள் காலை ஆறரைக்கு டம்ளரோடு வந்து நின்றாள். குடித்து முடிக்கும் வரை நகரவில்லை. தினமும் வந்தாள். அந்தக் கசப்பு மதியச் சாப்பாடு வரை நாக்கில் நிற்கும். குடிக்கும்போது அவள் முகத்தையே பார்ப்பேன். இவ்வளவு செய்கிறவள் என்னை விற்பாளா என்று ஒரு மனசு சொல்லும். விற்றதனால்தான் இவ்வளவு செய்கிறாளோ என்று இன்னொரு மனசு சொல்லும்.

ஐந்தாம் நாள் மெயில் வந்தது. நாவல்கொட்டைப் பொடி. சர்க்கரையை வேரோடு எடுத்துவிடுமாம். மேலே அதே ஒற்றை எழுத்து. லிங்க் கடைசியில் அதே நம்பர். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. நான் போனைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றிருந்தேன்.

மறுநாளிலிருந்து அவள் குரல் கேட்டால் பாத்ரூமுக்குள் போய்விட்டேன். டம்ளரை மேஜையில் வைத்து மூடிவிட்டுப் போனாள். அதை ஸிங்கில் ஊற்றினேன். இப்படி நாலைந்து நாள் போயிற்று. பிறகு ஒருநாள் காலை கதவைத் தட்டினாள். "வெறும் வயித்தோட இரு, கிளம்பு. பிம்ப்ரி லேப்ல சக்கரை டெஸ்ட்டுக்கு ரத்தம் குடுக்கணும், நான் நேத்தே சொல்லி வெச்சிட்டேன்" என்றாள். மறுக்க எனக்குத் தைரியமில்லை.

லேபில் ஒரு படிவம் கொடுத்தார்கள். வழக்கம்போல அவளே பேனாவை வாங்கி எழுதினாள். பெயரை எழுதி, பின்னால் என் வீட்டுக்காரர் பெயரை எழுதினாள். மெயில் என்ற இடத்தில் பேனா நின்றது.

"அக்கா, உன் மெயில் ஐடி என்ன?"

அவ்வளவுதான். பதினைந்து வருடமாக அவளிடம் குரல் உயர்த்தாதவள் அந்த நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுவிட்டேன். "தெரியாத மாதிரி கேக்கற? தினம் அனுப்பறது நீதானே? வடை மிஷினு, மூட்டு பெல்ட்டு, நேத்து வரைக்கும் அனுப்பிட்டு!"

பக்கத்தில் கையில் பஞ்சை அழுத்திக்கொண்டிருந்த பெரியவர் திரும்பிப் பார்த்தார். அவருக்குத் தமிழ் தெரியாதது நல்லதாகப் போயிற்று. அவள் சிரிக்கப் பார்த்தாள். வரவில்லை. பேனாவை மூடினாள்.

"உனக்கு வருதா?" என்றாள். குரலே மாறியிருந்தது. "உனக்கு வரக்கூடாதே அக்கா."

பிறகு மெதுவாகச் சொன்னாள். வீட்டிலிருந்தே வேலை என்று ஒரு கம்பெனியில் சேர்ந்திருக்கிறாள். தெரிந்தவர்கள் பட்டியல் ஒன்று கொடுத்தால்தான் சேர்த்துக்கொள்வார்களாம். கையில் இருந்தது பால்குடப் பட்டியல். கொடுத்துவிட்டாள். மெயிலை எழுதுவதும் அனுப்புவதும் அவர்கள். லிங்கில் இருக்கும் நம்பர் மட்டும் இவளுடையது. நாவல்கொட்டைப் பொடி பட்டியலில் உள்ள எல்லாருக்கும் போனதாம். இதுவரை ஒருத்தர்கூட எதையும் வாங்கவில்லை. நிறுத்தச் சொல்லி நாலு தடவை எழுதியும் அவர்களிடமிருந்து பதில் இல்லை.

"குடுக்கறதுக்கு முன்னாடி உன் பேரை எடுத்தேன், சாமி சத்தியமா. உன் பேர்ல மூணு பேர் இருந்தாங்க. உன் வீட்டுக்காரர் இனிஷியல் இருக்கறதைப் பார்த்து எடுத்தேனே!"

"நான் அதுல எங்க அப்பா இனிஷியல் போட்டிருந்தேன்" என்றேன்.

"அப்பா இனிஷியலா? எதுக்கு?"

"வேண்டுதல் அந்தப் பேர்ல."

அவள் நெற்றியில் அடித்துக்கொண்டாள். "இருபத்தாறு வருஷம் கழிச்சா ஞாபகம் வந்துது உனக்கு! அப்ப நான் எடுத்தது யாரை?"

அதற்குள் கவுன்ட்டரில் இருந்த பெண் என் பெயரைக் கூப்பிட்டாள். நான் எழவில்லை. "எனக்குச் சக்கரை இல்லடி" என்றேன்.

"என்ன?"

"பொய் சொன்னேன். மெயில் வருதான்னு பாக்க."

அவள் என்னைப் பார்த்த பார்வையை இப்போது நினைத்தாலும் தலை குனிந்துவிடுகிறது. "அடிப்பாவி" என்றாள். "நீ தனியா கஷ்டப்படறியேன்னு பத்து நாளா நானும் டீல சக்கரை போடல. ஃபுகட்ல, ஒண்ணுமில்லாததுக்கு, என்னையும் பட்டினி போட்டுட்டியே!" கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அது சிரிப்பா அழுகையா என்று எனக்குத் தெரியவில்லை. பிறகு என் முழங்கையைப் பிடித்து எழுப்பினாள். "வந்தது வந்தாச்சு, குடு ரத்தத்தை. உன் பேச்சை நம்பி இனிமே நான் எதையும் விடமாட்டேன்." சர்க்கரை இல்லை என்றுதான் ரிசல்ட் வந்தது. அதை அவள் இரண்டு முறை படித்தாள்.

பால்குடம் எடுத்தவர்களுக்கு அவளே போன் செய்து மன்னிப்புக் கேட்டாள். சில பேர் திட்டினார்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். என்னால் செய்ய முடிந்தது அவ்வளவுதான். மெயில்கள் இன்னும் வருகின்றன. வேண்டாம் என்றால் இங்கே அழுத்து என்று அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கிறது. அழுத்தினால் இன்னும் எங்கே கொண்டுபோய் விடுமோ என்று பயந்து விட்டுவிட்டேன்.

ஒன்று மட்டும் மனசில் அரித்துக்கொண்டே இருந்தது. என் பெயரில் இன்னொருத்தி, என் வீட்டுக்காரரின் இனிஷியலோடு, நிஜமாகவே அந்தப் பட்டியலில் இருந்தாளா? ஆடிக் கிருத்திகைக்குக் கோவிலுக்குப் போனபோது, பிரசாத வரிசையில் ஒரு பெண்ணை யாரோ என் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். ஏரவாடாவிலிருந்து வருகிறவளாம். எதிர்வீட்டுக்காரி முன்னால் தொன்னை வாங்கிக்கொண்டிருந்தாள். முன்பின் தெரியாத அந்தப் பெண்ணிடம் நானாகப் போய்ப் பேசினேன். இனிஷியல் கேட்டேன். சொன்னாள். அதே எழுத்துதான். எதிர்வீட்டுக்காரி சொன்னது நிஜமானால் அவள் எடுத்தது இவள் பெயரைத்தான், இவளுக்கு ஒரு மெயிலும் வந்திருக்கக் கூடாது.

"பால்குடம் லிஸ்ட்ல உங்க பேர் இருந்துச்சே, ஏதாச்சும் விளம்பர மெயில் வந்துதா உங்களுக்கு?"

"மெயிலா? எனக்கேதுங்க மெயிலு? வீட்டுக்காரரோடதைக் குடுத்திருந்தேன். கேட்டுச் சொல்றேன்."

அதற்குள் எதிர்வீட்டுக்காரி சர்க்கரைப் பொங்கல் தொன்னையோடு திரும்பி வந்துவிட்டாள். "என்ன அக்கா, நீயா பேசற? யாரு அவங்க?"

"தெரிஞ்சவங்க" என்றேன்.

அந்தப் பெண்ணை அதன்பின் கோவிலில் மூன்று முறை பார்த்துவிட்டேன். அவளாக எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அவள் என் பக்கம் வருவது போல் தெரிந்தால் நவக்கிரகம் சுற்றப் போய்விடுகிறேன்.