கோட்டை நாயின் பல்

நான் ஒருமுறை எட்டு நாள் வெறிநாய் கடித்தவனாக இருந்திருக்கிறேன். அந்த எட்டு நாளும் எனக்குக் கிடைத்த மரியாதை அதற்கு முன்பும் கிடைத்ததில்லை, பின்பும் கிடைத்ததில்லை. நான் நடந்தால் பெரியவர்கள்கூட ஒதுங்கி வழிவிட்டார்கள்.

அப்போது எனக்கு எட்டு வயதோ ஒன்பதோ. எங்கள் குப்பம் தோணிரேவுக்குப் பக்கத்தில், கடலோடு சேர்ந்த உப்பு ஏரியின் கரையில் இருந்தது. எதிரே தண்ணீருக்கு அப்பால் உலாந்தாக்காரன், அதாவது டச்சுக்காரன், கட்டிய கோட்டை. அங்கே காலையில் கொடி ஏறுவது எங்கள் வாசலில் இருந்தே தெரியும். நடுவில், எங்கள் கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில், ஒரு சேற்றுத் திட்டு. உமிரிச் செடியும் உடைந்த சிப்பியும் தவிர அதில் எதுவும் கிடையாது. ஆனால் அதைச் சுற்றியுள்ள முழங்கால் தண்ணீரில் இறால் கொழித்துக் கிடக்கும். எங்கள் வீட்டுப் பெண்கள் வலை தொடாதவர்கள். குனிந்து சேற்றைக் கையால் துழாவியே இறால் பிடிப்பார்கள். இரண்டு கையும் தண்ணீருக்குள் இருப்பதால், பிடித்ததைப் போட்டுவைக்கும் ஓலைப் பறியின் விளிம்பைப் பல்லால் கவ்விக்கொள்வார்கள்.

அதில் கெட்டிக்காரி என் சின்ன அத்தை. நைனாவுக்குக் கடைசித் தங்கை. கட்டிக்கொடுத்த இடத்திலிருந்து மூன்றாவது முறையாகத் திரும்பி வந்திருந்தாள், இனிப் போவதில்லை என்று சொல்லிவிட்டு. அவள் வாய்க்கு ஊரே பயப்படும். பறியைக் கவ்வியிருக்கும் நேரம் மட்டும்தான் அந்த வாய் மூடியிருக்கும். ஆகையால் அவள் இறாலுக்குப் போவதில் எங்கள் குப்பத்தில் அனைவருக்கும் சந்தோஷம்.

அந்தத் திட்டுக்கு ஒரு நாள் நாய் ஒன்று வந்து சேர்ந்தது. கன்றுக்குட்டி உயரம், தொங்கிய காது, செம்மண் நிறம். கோட்டையில் கட்டிக் கிடந்த நாய் என்று மீன் விற்கப் போகிறவர்கள் அடையாளம் சொன்னார்கள். அதை வளர்த்த சிப்பாய் காய்ச்சலில் போய்விட்டானாம். அதற்கப்புறம் அதற்குச் சோறு போட்டவர்களைவிடக் கல் போட்டவர்கள்தான் அதிகமாம். கடல் இறங்கி ஏரி வற்றிக் கிடந்த நேரம் பார்த்து, கழுத்தில் அறுந்த கயிற்றோடு சேற்றில் நடந்தே வந்துவிட்டது. கிட்டே யார் போனாலும் உறுமியது. நைனாவின் அண்ணன், எங்கள் பெரியப்பா, அதைப் பார்த்த அன்றே சொல்லிவிட்டார். வாயில் எச்சில் ஒழுகுகிறது, சந்தேகமே இல்லை, வெறி பிடித்த நாய். சாயங்காலம் நான்கு பேர் ஈட்டியோடு போவது என்று முடிவாகிவிட்டது.

அன்று மத்தியானம் அத்தைக்குக் கஞ்சி கொண்டுபோனவன் நான். அவள் திட்டுக்கு அந்தப் பக்கம் தண்ணீரில் இருந்தாள். நான் இந்தப் பக்கம் ஏறினேன். கை விரித்து அளந்தால் இருபது பாகம் தள்ளிப் படுத்திருந்த நாய் தலையைத் தூக்கிப் பார்த்தது. பார்த்துவிட்டுக் கொட்டாவி விட்டது. பயந்த நாயும் கொட்டாவி விடும் என்று இப்போது தெரியும். அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்த வாயும் அதற்குள் இருந்த பற்களும்தான். கஞ்சிச் சட்டியை விட்டுவிட்டு ஓடினேன். நாலு எட்டு வைப்பதற்குள் கெண்டைக்காலை எதுவோ கவ்வியது. குப்புற விழுந்தேன். இருபது பாகம் தள்ளிப் படுத்திருந்த நாய் சத்தமே இல்லாமல் எப்படி வந்து கடித்தது என்று திரும்பிப் பார்க்க எனக்கு ஓய்வில்லை. தண்ணீரைக் கலக்கியபடி கரைக்கு வந்து, வீட்டுக்குள் போய், நெல் குதிருக்குப் பின்னால் நின்றுகொண்டேன். அங்கிருந்தபடியே, நாய் கடித்துவிட்டது என்று ஊருக்குத் தகவல் கொடுத்தேன். ரத்தத்தைப் பார்த்தவர்களுக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை.

அத்தை வந்தாள். என் காலை மடியில் இழுத்துப்போட்டுக் கழுவினாள். நான் கண்ணை இறுக மூடிக்கொண்டு கோட்டைக்குக் கேட்கும்படி கத்தினேன். நகத்தால் எதையோ நெம்பி எடுத்தாள்.

"இன்னா அத்தே அது?"

ஒரு கணம் அவள் பேசவில்லை. பறி வாயில் இல்லாத நேரத்தில் அது அபூர்வம்.

"பல்லுடா," என்றாள். "உள்ளயே உட்டுட்டுப் போயிருக்கான்."

அதை முந்தானையில் முடிந்துகொண்டாள். பெரியப்பா அதற்குள் ஈட்டியோடு எழுந்துவிட்டார். அத்தை வாசலை மறித்து நின்றாள்.

"இப்ப அடிச்சிட்டா, பையன் கதி இன்னான்னு எப்பிடிண்ணா தெரியும்? எட்டு நாள் நாய் உயிரோட இருந்தா புள்ளயும் பொழைப்பான். நாய் செத்தா இவனும் போவான். நீதான சொல்லுவே?"

பெரியப்பா அப்படிச் சொல்வது உண்மைதான். ஊரில் நாய்க்கடிக்கு மருந்து அரைப்பவர் அவர். அவர் மருந்தில் பிழைத்தவர்கள் உண்டு. மருந்துக்குப் பயந்து பிழைத்தவர்கள் அதைவிட அதிகம். தன் பேச்சே தன்னை மறித்து நிற்பதைப் பார்த்து அவர் ஈட்டியைக் கூரையில் செருகினார். எட்டு நாள் பார்ப்பது, எட்டாம் நாள் நாய் தானாகத் தண்ணீரில் இறங்கினால் விட்டுவிடுவது, தண்ணீரைக் கண்டு மிரண்டால் ஈட்டி. நாயைத் தினமும் போய்ப் பார்த்து வருவது யார் என்று கேட்டபோது ஆண்கள் எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அத்தை பறியை எடுத்துக்கொண்டாள்.

நாயும் நானும் இப்படித்தான் ஒரே கயிற்றில் கட்டப்பட்டோம். எனக்கு உப்பில்லாக் கஞ்சி, பச்சை நிறத்தில் ஒரு கசாயம். ஏரிப் பக்கம் போகக் கூடாது. காலையும் மாலையும் பெரியப்பா ஒரு சட்டித் தண்ணீரை என் முகத்துக்கு நேரே நீட்டுவார், மிரள்கிறேனா என்று பார்க்க. சுற்றிப் பத்துப் பேர் கம்போடு நின்று பார்த்தால் யார்தான் மிரளமாட்டார்கள்? மூன்றாம் நாள் எனக்கு இருமல் வந்தது. அம்மா அதைக் குரைப்பு என்று எடுத்துக்கொண்டு தலையில் அடித்துக்கொண்டாள். அதற்கப்புறம் இருமலை விழுங்கப் பழகினேன். யாரும் இல்லாதபோது பானைக்குள் முகத்தை விட்டு, பயம் வருகிறதா என்று நானே பார்ப்பேன். ஒவ்வொரு தடவையும் வந்தது.

அத்தை மட்டும் என்னிடம் மாறாமல் இருந்தாள். ஒரு மத்தியானம் சுட்ட இறால் இரண்டைக் கொண்டுவந்து மடியில் போட்டு, "சாவப்போறவனுக்கு இன்னாடா பத்தியம்? துன்னு," என்று சொல்லிவிட்டுப் போனாள். அழுதுகொண்டே தின்றேன். ருசியாகத்தான் இருந்தது.

மீதி நேரமெல்லாம் கரையில் பனைமரத்தடியில் உட்கார்ந்து திட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே உலவுவது நாய் இல்லை, என் ஆயுசு. அது படுத்தால் எனக்கு மூச்சு நின்றது. எழுந்து நடந்தால் வந்தது.

முதல் நாள் அத்தை நாயை நோக்கிப் போகவே இல்லை. வழக்கம்போலக் குனிந்து, முகம் தண்ணீரைப் பார்க்க, பக்கவாட்டில் நகர்ந்து நகர்ந்து இறால் பிடித்தாள். நாய் எழுந்து உறுமியது. அவள் அப்படியே நின்றாள். நிமிரவும் இல்லை, ஓடவும் இல்லை. உறுமல் அடங்கியதும் வந்த வழியே இரண்டடி பின்வாங்கி வேலையைத் தொடர்ந்தாள். போகும்போது திட்டின் ஓரத்தில் ஒரு சட்டி நல்ல தண்ணீரும் கையளவு இறாலும் வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வந்தாள். மறுநாள் சட்டி காலி.

"காக்கா குடிச்சிருக்கும்," என்றார் பெரியப்பா.

"உறுமறானே அத்தே, பயமா இல்ல?" என்று அவளைக் கேட்டேன்.

"உறுமறது நல்லதுடா. கிட்ட வராதேனு சொல்லிட்டுத்தான் கடிப்பான். நம்ம ஊர்ல சொல்லாமயே கடிக்கிறாங்க."

யோசித்துப் பார்த்தால், அந்த நாய் அதுவரை கண்ட மனிதர்கள் எல்லாம் நிமிர்ந்து நின்று, கண்ணைப் பார்த்துக் கத்தியவர்கள். கையில் சவுக்கோ கல்லோ இருந்திருக்கும். இங்கே வந்ததோ, நான்கு காலில் நடப்பதுபோலக் குனிந்து, வாயில் எதையோ கவ்விக்கொண்டு, ஒரு சத்தமும் போடாமல் மேய்கிற ஒரு பிராணி. நாய் குழம்பியிருக்க வேண்டும். மூன்றாம் நாள் அவள் தண்ணீரில் இறங்கும்போதே ஓரத்தில் வந்து காத்திருந்தது. நான்காம் நாள் அவள் திட்டை ஒட்டியே நகர, அதுவும் திட்டின் விளிம்பில் அவளோடு நடந்தது.

ஐந்தாம் நாள் நடந்ததை நினைத்தால் இன்றும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. அத்தை திட்டின் மேல் ஏறி உட்கார்ந்தாள். நாய்க்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். நான் மரத்தடியில் எழுந்து நின்று, "அத்தே, பின்னால, பின்னால," என்று கத்தினேன். அவள் பறியைக் கவ்வியபடி ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இறாலைப் பிடிக்கிறவர்களுக்கு ஒன்று தெரியும். இறால் முன்னால் ஓடாது, பின்னால்தான் துள்ளும். அதனால் துரத்திப் பிடிக்க மாட்டார்கள். அதன் பின்னால் ஒரு கையைக் குழித்து வைத்துக் காத்திருப்பார்கள். அது தானாகக் கைக்குள் வந்து விழும். அத்தை இப்போது இடது கையை அப்படித்தான் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், உள்ளங்கை மேலே பார்க்கத் தரையில் வைத்தாள். அதில் ஒன்றும் இல்லை, வெறுங்கை.

நாய் வெகுநேரம் அசையவில்லை. பிறகு கழுத்தை நீட்டியது. முன்னங்கால்கள் கிட்டே வந்தன. பின்னங்கால்கள் ஓடத் தயாராக அங்கேயே நின்றன. உடம்பு கயிறுபோல நீண்டது. ஒரு தடவை முகர்ந்துவிட்டுத் துள்ளிப் பின்வாங்கியது. கை அங்கேயே இருந்தது. மறுபடி வந்தது. அவ்வளவு பெரிய தலையைக் கொண்டுவந்து அந்தக் கைக்குள் வைத்தது. வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டது. ஏரி முழுக்க யாரோ கையமர்த்தியதுபோல இருந்தது எனக்கு. கத்த வாயைத் திறந்தவன் திறந்தபடியே நின்றேன்.

அவளும் உடனே தடவிக் கொடுத்துவிடவில்லை. சற்று நேரம் கழித்து விரலால் தாடைக்குக் கீழே மெல்லச் சொறிந்தாள். அது இன்னும் வேண்டும் என்று நிற்கும்போதே எழுந்து வந்துவிட்டாள். கழுத்துக் கயிற்றை அவிழ்க்க இன்னும் இரண்டு நாள் ஆயிற்று. கயிறு தோலுக்குள் பதிந்திருந்தது. அதை அவள் ஏரியில் வீசவில்லை. சேற்றில் போட்டு, கண்ணில் படாமல் போகும்வரை காலால் மிதித்தாள்.

எட்டாம் நாள் காலையில் பெரியப்பா தலைமையில் ஆறு பேர் ஈட்டியோடு தோணியில் போனார்கள். என்னையும் தூக்கி உட்காரவைத்துக்கொண்டார்கள், கணக்கு முடியும்போது நானும் இருக்க வேண்டுமாம். தோணி தரை தட்டியதும் நாய் விறைத்தது. முதுகு மயிர் எழுந்தது, உதடு மேலே ஏறியது. பெரியப்பா ஈட்டியைத் தோளுக்குத் தூக்கினார். என் ஆயுசும் கூடவே மேலே ஏறியது.

எங்களுக்கு முன்பே திட்டுக்கு வந்திருந்த அத்தை பறியை வாயிலிருந்து எடுத்தாள்.

"எல்லாரும் குந்துங்க. அவனுக்கு முதுகு காட்டிக் குந்துங்க. அவனப் பாக்காதீங்க."

"இன்னாம்மா வெளயாடறியா?"

"குந்துண்ணா. அவனுக்கு ஒங்களக் கண்டு பயம். ஒங்களுக்கு அவனக் கண்டு பயம். ஒருத்தராவது அடங்குங்க."

புயலில் தோணி விட்ட ஆறு ஆண்பிள்ளைகள் ஈட்டியை மடியில் போட்டுக்கொண்டு, நாய்க்கு முதுகைக் காட்டிச் சேற்றில் குந்தினார்கள். பெரியப்பா கடைசியாகக் குந்தினார். நான் முதலாவதாகக் குந்தி, கண்ணையும் மூடிக்கொண்டேன். பின்னால் அத்தை தண்ணீரில் இறங்கும் சத்தம் கேட்டது. நாயை அவள் கூப்பிடவில்லை. பறி மறுபடி வாய்க்குப் போயிருந்தது. அவள் நடக்கிற சத்தம் தள்ளித் தள்ளிப் போயிற்று. நாய் ஒரு தடவை முனகியது. திட்டின் ஓரத்தில் அதன் நகம் சிப்பியைக் கீறியது. பிறகு ஒன்றுமே இல்லை.

அதற்கப்புறம் தண்ணீர் பிளக்கிற சத்தம். பெரியப்பாதான் முதலில் திரும்பினார். கடல் ஏறி இடுப்பளவாகியிருந்த தண்ணீரில் அத்தை போய்க்கொண்டிருந்தாள். அவள் பின்னால் ஒரு செம்மண் தலை, காது இரண்டும் நீரில் மிதக்க, எங்கள் கரையை நோக்கி நீந்திக்கொண்டிருந்தது. பெரியப்பா ஈட்டியைச் சேற்றில் ஊன்றி, அதைப் பிடித்துக்கொண்டே எழுந்தார். அன்று மத்தியானம் எனக்கு உப்புப் போட்ட குழம்பு கிடைத்தது.

சாயங்காலம் நாய் எங்கள் வாசலில் வந்து படுத்தது. என் கிட்டே வந்து, ஆறிக்கொண்டிருந்த காலை முகர்ந்து, மெதுவாக நக்கியது. நான் மரம்போல நின்றேன். பிறகு அது அண்ணாந்து பெரிதாகக் கொட்டாவி விட்டது. இந்தத் தடவை ஓடாமல் பார்த்தேன். முன்னே, பின்னே, மேலே, கீழே எல்லாம் வரிசையாக இருந்தன.

"அத்தே, எல்லாப் பல்லும் கீதே."

அத்தை அப்போதுதான் பறியோடு கிளம்பிக்கொண்டிருந்தாள். முந்தானை முடிச்சை அவிழ்த்து, எட்டு நாளாக வைத்திருந்ததை என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினாள். பறியைக் கவ்விக்கொண்டு ஏரிக்கு நடந்தாள். வாயில் பறி இருந்தும் தோள் இரண்டும் குலுங்கின. நான் கையைத் திறந்தேன். வெள்ளையும் சாம்பலுமாக, ஓரம் கூராக, நகத்தளவு ஒரு சில்லு. அந்தத் திட்டில் கால் வைத்த எவனும் தினம் மிதிக்கிற பொருள். எனக்கு மட்டும் அது பல்.

நாய்க்குப் பல் விழுந்தால் எட்டு நாளில் முளைத்துவிடும் என்று அன்று தெரிந்துகொண்டேன். கடித்த இடத்தையே வந்து நக்கியதால், செய்த தப்பு அதற்கு உறைத்துவிட்டது என்றும் புரிந்தது. நான் பெரிய மனது பண்ணினேன். நாய் எழுந்து அத்தையின் பின்னால் போய், இருபது பாகம் தள்ளிப் போய்விட்டதை நன்றாகப் பார்த்துக்கொண்ட பிறகு, உன்னை மன்னித்துவிட்டேன் என்று அதற்குக் கேட்கும்படி உரக்கச் சொன்னேன்.