ஸ்டிக்கர் உரித்த சி.டி.

சிவகாசியில் ஓர் அச்சகத்தில் பட்டாசு லேபிள்களைக் கம்ப்யூட்டரில் வரைந்து, சி.டி.யில் எழுதி வைப்பது என் வேலை. ஒருமுறை எங்கள் லேபிள் ஒன்று அப்படியே வேறு அச்சகத்தில் அச்சாகி வெளியே வந்துவிட்டது. வெளியே கொடுத்தது யார் என்று தெரியவில்லை. பக்கத்துக் கம்ப்யூட்டரில் வேலை பார்த்த பெண் ஏழாயிரம்பண்ணையிலிருந்து பஸ்ஸில் வருவாள். அதன்பிறகு அவள் கைப்பையைக்கூட நான் கவனிக்கத் தொடங்கினேன்.

சீசன் நேரம். தாயில்பட்டி கம்பெனிக்காரர் பழைய புஸ்வாண லேபிளையே மறுபடி கேட்டார். சி.டி.யைப் போட்டேன். விர்ரென்று சுற்றியது, நின்றது, மறுபடி சுற்றியது. திரையில் ஒன்றும் வரவில்லை. இடம் போதாமல் கம்ப்யூட்டரில் இருந்ததை எப்போதோ அழித்திருந்தோம். சி.டி.யின் அடிப்பக்கத்தைப் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை. மேலே இருந்தது என் எழுத்துதான். அதையும் அவள் பார்த்து எழுதி, அசலை எடுத்துக்கொண்டு வெறும் சி.டி.யை வைத்துவிட்டாளோ?

“சி.டி. அலமாரிச் சாவி நேத்து உங்கிட்டதான இருந்துச்சு?”

அவள் மவுஸிலிருந்து கையை எடுத்தாள். “நாந்தான் எடுத்தேங்கீகளாக்கா?”

என் கண் அவள் கைப்பைக்குப் போனது. அதுவே பதிலாகிவிட்டது. அதன்பிறகு அவள் என் பக்கம் திரும்பவில்லை.

சாயங்காலம் கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்பவர் வந்தார். சி.டி.யை டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்தார். நடு ஓட்டையை ஒட்டி நகமளவுக்கு வெளிச்சம் தெரிந்தது.

“அடிப்பக்கம் வெறும் பிளாஸ்டிக்குக்கா. எழுதுறப்ப லேசரு அது வழியா போயி உள்ள இருக்க சாயத்துல புள்ளி புள்ளியா சுட்டு வைக்கும். படிக்கிறப்ப வெளிச்சம் மேல இருக்க இந்த வெள்ளித் தகட்டுல பட்டுத் திரும்பும். புள்ளி உள்ள எடத்துல கம்மியா திரும்பும், இல்லாத எடத்துல நல்லாத் திரும்பும். அத வச்சுத்தான் படிக்கும். உள்ள என்னென்ன இருக்குங்கிற பட்டியலே இங்கன நடுவுலதான் ஆரம்பிக்கும். அங்கனயே தகடு போச்சு. மேல ஒட்டுன எதையும் உரிச்சீகளா?”

நான்தான் உரித்தேன். கம்பெனி பெயரைத் தப்பாக அடித்து ஸ்டிக்கர் ஒட்டிவிட்டு, நகத்தால் கிள்ளி எடுத்தேன். அதன் பின்னால் பளபளவென்று ஒட்டி வந்ததைப் பசை என்று நினைத்துக் கசக்கி எறிந்துவிட்டு, பேனாவால் பெயர் எழுதினேன்.

அவள் இன்னும் கிளம்பியிருக்கவில்லை. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

“எம் மேலதான் தப்பு,” என்றேன்.

“சரிக்கா,” என்றாள். அவ்வளவுதான்.

பழைய புஸ்வாணப் பெட்டி ஒன்றை ஸ்கேன் செய்து, இருவரும் அந்த லேபிளை மறுபடி வரைந்தோம். இரண்டு நாள் நிறத்தைப் பற்றி மட்டும் பேசினாள். மூன்றாம் நாள் மத்தியானம் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டாள்:

“சாப்பிட்டீகளாக்கா?”