எங்கள் வீட்டு முறை வந்த ஞாயிறு

குடியை நிறுத்திய பதினோராவது மாதத்தில், அடுத்தவர்களுக்கு ஊற்றிக் கொடுப்பது எனக்கு வேலையாக வாய்த்தது. சிரிக்க வேண்டியவர்கள் சிரித்துக்கொள்ளலாம். எங்கள் ஊரில் பலர் சிரித்து முடித்துவிட்டார்கள்.

அதற்கு முன் நான் நெய்யாற்றின்கரையில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாக இருந்தேன். பதினெட்டு வருஷம். கடைசி நாள் கெடு இருந்த ஒரு மனுவைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பாரில் உட்கார்ந்துவிட்டேன். எழுந்தபோது கோர்ட் பூட்டியிருந்தது. வக்கீல் திட்டக்கூட இல்லை, அலுவலகச் சாவியை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டார். அன்றைக்கு வீட்டில் என் மனைவியும் அதிகம் பேசவில்லை. "இனி ஒருக்க குடிச்சா நான் இந்த வீட்டுல இருக்க மாட்டேன், கேட்டியளா" என்றாள். பேச்சுக்குச் சொல்கிறவள் இல்லை. துணிகளை மடித்து ஒரு பெட்டியில் அடுக்கிக் கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்தாள். பதினோரு மாதமாகப் பெட்டி அங்கேயே இருந்தது. பெருக்கும்போது அதை நகர்த்திப் பெருக்கி, மறுபடி அதே இடத்தில் வைப்பாள்.

நான் வெளியே போய்வந்தால் கேட்டில் நிறுத்தி "ஊதுங்க" என்பாள். போலீஸ்காரனுக்குக்கூட அந்த அளவு சந்தேகம் கிடையாது. முகத்தை என் வாய்க்கு நேரே கொண்டுவந்து கண்ணை மூடிக்கொள்வாள். நான் ஊதுவேன். தலையை ஆட்டிவிட்டு உள்ளே போவாள். தெருவில் போகிறவர்கள் பார்ப்பார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரியும். ஆனால் எரிச்சல்படுகிற யோக்கியதை எனக்கு இருந்ததா என்ன?

வேலை இல்லாமல் வீட்டில் கிடந்தவனுக்குப் பூவாறில் ஒரு ரிசார்ட்டில் இருந்து கூப்பிட்டார்கள். படகில் சுற்றி அலுத்துப்போன விருந்தினர்களை ஊருக்குள் நடத்திக் கூட்டிப்போக ஆள் வேண்டுமாம். தமிழ், மலையாளம், கோர்ட் இங்கிலீஷ் மூன்றும் எனக்குத் தெரியும். நெய்யாற்றின்கரையில் ஆற்றங்கரை, சந்தை, பழைய கதைகள். பிறகு ஒரு பாரில் பிராந்தி ருசி பார்ப்பது. கடைசியில் பாறசாலைப் பக்கம் எல்லைக் கிராமத்துக்கு வந்து, ஒரு கிறிஸ்தவ வீட்டில் வீட்டு வைன். அந்த வீடு என் வீடு. வைன் விற்பனைக்கு இல்லை, விருந்துக்கு மட்டும் என்று பேச்சு. மூன்று நடை பார்த்துவிட்டு, விருந்தினர்கள் நல்லபடி சொன்னால் வேலையை நிரந்தரமாக்குவோம் என்றார்கள். இரண்டு நடையில் பாரோடு நிறுத்திக்கொண்டேன். மூன்றாவதுக்கு வைன் இருந்தே ஆக வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

என் மனைவி மூன்று நாள் யோசித்தாள். பிறகு அவளே திராட்சையும் சர்க்கரையும் ஈஸ்டும் கிராம்பும் வாங்கிவந்து பீங்கான் பரணியில் போட்டாள். இருபத்தொரு நாள், சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு கிளறினாள். அடுக்களைக்குள் எனக்கு அனுமதி இல்லை. குடிக்க வெள்ளம் வேண்டுமென்றாலும் வாசலில் நின்று கேட்டு வாங்க வேண்டும்.

அதே மாதம்தான் சபையில் எங்கள் வீட்டுக்கு முறை வந்தது. எங்கள் கோவிலில் மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து, அப்பமும் ரசமும் கொடுக்கிற ஆராதனை. அதற்கு வேண்டிய திராட்சரசத்தை ஒவ்வொரு மாதமும் ஒரு வீடு செய்து கொடுக்கும். மிஷன் காலத்திலிருந்து எங்கள் சபையில் அது புளிக்காத ரசம். உலர்ந்த திராட்சையை வேகவைத்துப் பிழிந்து, சர்க்கரையும் கிராம்பும் சேர்த்து வடிகட்டுவது. குடிகாரன் வீட்டில் அதைச் செய்யச் சொல்ல மாட்டார்கள். ஆறு வருஷமாக எங்கள் வீட்டைத் தாண்டிப்போன முறை அது. போதகர் வந்து சொல்லிவிட்டுப் போன அன்று என் மனைவி அடுக்களையில் பாட்டு முணுமுணுத்தாள். எத்தனையோ காலத்துக்குப் பிறகு கேட்டேன்.

வெள்ளிக்கிழமை இரண்டையும் வடிகட்டினாள். ஒரே துணி, ஒரே மாதிரி ஸ்குவாஷ் குப்பிகள், ஒரே கறுப்புச் சிவப்பு. கோவிலுக்கான குப்பியின் கழுத்தில் வெள்ளை நூல் கட்டினாள். இரண்டையும் அலமாரியில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். சனிக்கிழமை காலையில் நூல் கட்டிய குப்பியை அவளே கோவிலுக்குக் கொண்டுபோய்ப் போதகர் கையில் கொடுத்துவிட்டு வந்தாள்.

அன்று மூன்றாவது நடைக்கு வந்தவர்கள் நான்கு பேர், வடக்கே எங்கிருந்தோ. இரண்டு தம்பதிகள், எல்லோரும் ஓய்வு பெற்றவர்கள். ராஜா ஒருவர் எதிரிகளுக்குப் பயந்து பலாமரப் பொந்தில் ஒளிந்த கதையை ஆற்றங்கரையில் வைத்துச் சொன்னேன். ரொம்ப ரசித்தார்கள். மரப்பொந்துகளைப் பற்றி எனக்கு ராஜாவைவிட அதிகம் தெரியும். என் வீட்டுப் பலாவில் எத்தனை குப்பிகளை ஒளித்திருக்கிறேன்! அதைச் சொல்லவில்லை.

பாரில் எனக்கு ஒரு ஏற்பாடு இருந்தது. பழைய பழக்கத்தில் என்னைத் தெரிந்த பரிமாறுகிறவர், விருந்தினர்களுக்குப் பிராந்தி வைக்கும்போது என் கிளாசில் கட்டன் சாயா ஊற்றித் தருவார். பால் இல்லாத தேநீர், பார்க்கப் பிராந்தி மாதிரியே இருக்கும். "சேட்டா, பதிவு போலே அல்லே?" என்று, வழக்கம்போலத்தானே என்கிற மாதிரி, காதோரம் கேட்டுவிட்டு வைப்பார். வழிகாட்டி குடிக்காவிட்டால் விருந்தினர்களுக்கு ருசிக்காது என்பது ரிசார்ட்டுக்காரர்களின் கண்டுபிடிப்பு. பிராந்தி எங்கள் ஊரில் பாதி மருந்து என்று சொன்னேன். சளிக்கு ஒரு மூடி, பிள்ளை பெற்றவளுக்கு ஒரு கரண்டி, கிறிஸ்துமஸ் கேக்குக்கு அரைக் கிளாஸ். தொட்டுக்கொள்ள வேகவைத்த முட்டையும் எலுமிச்சை ஊறுகாயும் வந்தன. நால்வரும் மோந்து பார்த்து, நாக்கில் வைத்து, தலையாட்டினார்கள். நான் ஆறிப்போன கட்டனை ஒரு வாய் குடித்து "ஹா" என்றேன். அந்த மேஜைக்கு மேலே நின்ற நெடி என் தொண்டை வரை வந்து திரும்பிப் போனது.

வேனில் பாறசாலை வந்து, அங்கிருந்து மரச்சீனிக் கிழங்குக் கொல்லை வழியாக நடந்தோம். ஒரு ஓடையைக் காட்டி, இந்தப் பக்கம் கேரளம், தாண்டினால் தமிழ்நாடு என்றேன். நால்வரும் இரண்டு காலையும் இரண்டு மாநிலத்தில் வைத்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். வீட்டு கேட்டில் என் மனைவி நின்றாள். விருந்தினர்கள் முன்னால் ஊதச் சொல்லவில்லை. சட்டைக் காலரைச் சரிசெய்கிற மாதிரி கிட்டே வந்து மூச்சை இழுத்துப் பார்த்துக்கொண்டாள்.

வராந்தாவில் மேஜை போட்டு, வெள்ளை விரிப்பு விரித்து, கேக் துண்டுகள் வைத்திருந்தாள். குப்பியைத் திறந்து நான்கு கிளாசில் ஊற்றினாள். நான் ஆறடி தள்ளி நின்றேன். காற்று என் பக்கமாக அடித்தது.

அது வைன் இல்லை.

எனக்கு அந்த விஷயத்தில் தப்பு வராது. வெந்த திராட்சை, கிராம்பு, சர்க்கரை, வேறொன்றும் அதில் இல்லை. அப்படியானால் நூல் கட்டிய குப்பியில் இருப்பது இருபத்தொரு நாள் புளித்தது. எங்கள் வீட்டில் அந்த வித்தியாசத்தைச் சொல்லக்கூடிய ஒரே மூக்கு என்னுடையது. அந்த மூக்கைத்தான் அவள் அடுக்களைக்கு வெளியே நிறுத்தியிருந்தாள். குடி என்பதே தெரியாத வீட்டில் பிறந்தவளுக்கு என் வாயின் பிராந்தி நெடிதான் பழக்கம், இவை இரண்டும் கிராம்பு வாசனைதான்.

விருந்தினர்களுக்குப் பிராந்தி குடித்த நாக்கு. "எவ்வளவு மென்மை!" என்றாள் ஒரு அம்மாள். இன்னொரு கிளாஸ் கேட்டு வாங்கினாள். என் மனைவி என்னைப் பார்த்துச் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

அவர்கள் வேனில் ஏறிப் போகும்போது மணி நாலு. போதகர் வீடு ஐந்து நிமிஷ நடை. இவளிடம் சொல்லலாம், அவரிடம் சொல்லலாம், குப்பியை வாங்கிக் கொட்டிவிட்டு வேறு ரசம் வேகவைக்கலாம். எல்லாவற்றுக்கும் நேரம் இருந்தது. நான் சொல்லவில்லை. முறை திரும்பி வந்த சந்தோஷத்தில் இருக்கிறாள், கெடுக்க வேண்டாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். குடிகாரன் வீட்டிலிருந்து கர்த்தருடைய மேஜைக்குச் சாராயம் போயிற்று என்று ஊர் பேசுமே என்றும் சொல்லிக்கொண்டேன். இரண்டும் நல்ல காரணங்கள். கோர்ட்டில் கொடுத்தால்கூட நிற்கும்.

உண்மை வேறு. நாளைக்குக் காலையில் ஒரு சின்னக் கிளாஸ் என் கைக்கு வரும். நான் தேடிப் போகவில்லை, யாரிடமும் கேட்கவில்லை. போதகரே கொண்டுவந்து நீட்டுவார். சபையே குடிக்கும். அதற்காக யாரும் பெட்டியைத் தூக்க முடியாது. கையைக் கழுவும்போதும் சாப்பிடும்போதும் ஜெபத்துக்கு முட்டுப்போடும்போதும் அந்தக் கிளாஸ் கண்முன்னால் நின்றது. ஒரு மடக்குத்தான், இரண்டு மடக்குகூட வராது. பதினோரு மாதத்தில் எந்த விடியலுக்கும் நான் அப்படிக் காத்திருந்ததில்லை. என்மேல் எனக்கே அருவருப்பாக இருந்தது, ஆனாலும் காத்திருந்தேன்.

கோவிலில் புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்துதான் முன்னால் போய் முட்டுப்போடுவோம். ஒரு விஷயம் சொல்ல வேண்டும். எடுத்த கிளாசைக் குடிக்காமல் நிறைந்தபடியே தட்டில் திரும்ப வைக்கிற வழக்கம் எங்களிடம் இல்லை. திருவிருந்துக்குத் தகுதியில்லாதவன் பெஞ்சிலேயே இருந்துவிட வேண்டும். ஆறு வருஷம் நான் இருந்தேன், பக்கத்தில் அவளும் எழுந்து போகாமல் இருந்தாள். முன்னே போனபின் கிளாஸ் நிறைந்தபடியே திரும்பினால், சாயங்காலத்துக்குள் ஊருக்குத் தெரிந்துவிடும்.

தட்டு வந்தது. மூன்று ஆள் தள்ளி வரும்போதே நெடி வந்தது. அப்பம் வாயில் கரைய மறுத்தது. அவள் தன் கிளாசை எடுத்தாள், நான் என்னுடையதை எடுத்தேன். வாழ்நாளில் ஒரு சொட்டு தொடாதவள் அதை உதட்டுக்குக் கொண்டுபோவதைப் பார்த்தபோது என் வாய் தன்னால் திறந்தது.

"அது வைனாக்கும்" என்றேன். "குப்பி மாறிப் போச்சு."

கிளாசை நிறுத்தி என்னைப் பார்த்தாள். "எப்பம் தெரியும்?"

"நேத்தைக்கே."

அவள் பார்வை என் முகத்திலிருந்து இறங்கி என் கைக்கு வந்தது. அவளை எச்சரித்தேனே தவிர, என் கிளாசை நான் தாழ்த்தவே இல்லை. அது என் வாய்க்கு நாலு விரல் தூரத்தில் நின்றது, ஒரு சொட்டு சிந்தாமல். பதினோரு மாதமாக அவள் ஊதச் சொல்லித் தேடியது அதைத்தான். எல்லாம் அவளுக்குப் புரிந்துவிட்டது.

தன் கிளாசைக் குடித்தாள். பிறகு என் விரல்களைப் பிரித்து என்னுடையதை வாங்கினாள். கொடுக்க மறுத்து என் விரல்கள் இறுகியது எனக்கு இப்போதும் நினைவிருக்கிறது. வாங்கி, அதையும் குடித்தாள். இருமலை அடக்கிக்கொண்டு இரண்டு காலிக் கிளாசையும் தட்டில் வைத்தாள். போதகர் ஒரு நொடி நின்றார். பிறகு அடுத்தவரிடம் போனார்.

வெளியே வந்ததும் ஒரு மூத்த அம்மாள் என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "மக்கா, இந்த மாசம் ரசம் கொள்ளாம், நல்ல ருசி. தொண்டையில சூடா இறங்கிச்சு. இனி எப்பளும் நீயே செய்யணும்." என் மனைவி கன்னம் சிவந்து நின்று சிரித்தாள். வழியில் ரிசார்ட்டிலிருந்து போன் வந்தது. வைனைப் பற்றித்தான் விருந்தினர்கள் அதிகம் எழுதியிருந்தார்களாம். வேலை நிரந்தரம் என்றார்கள். அவளிடம் சொன்னேன். கொஞ்சம் முன்னே நடந்தாள்.

கேட்டில் நின்றாள். நான் பழக்கத்தில் வாயைத் திறந்தேன்.

"வேண்டாம்" என்றாள். கிட்டே வந்து என் முகத்தில் அவள் ஊதினாள். கிராம்பு, திராட்சை, அதற்கு அடியில் அந்த நெடி. நான் ராப்பகலாக ஏங்கிக் கிடந்த நெடி அவள் வாயிலிருந்து வந்தபோது நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"என்னத்துக்குக் குடிச்ச? நான் வச்சிருப்பேன்லா தட்டுல" என்றேன்.

"வச்சிருக்க மாட்டிய. நான் பாத்தேன்." அவள் குரல் கொஞ்சம் குழறியது. "நீங்க குடிச்சிருந்தா நான் இன்னைக்கு அந்தப் பெட்டிய எடுக்கணும். எனக்குப் போவ மனசில்ல. அதாக்கும்."

உள்ளே போனாள். நான் கேட்டுக்கு வெளியிலேயே நின்றேன். அவள் வாய் கொப்பளிக்கிற சத்தம் கேட்டது. வெகுநேரம் கொப்பளித்துக்கொண்டே இருந்தாள்.