நீல வீடு கட்டிய கொத்தனார்

அவளை எல்லாரும் புழுக்காரி என்றுதான் கூப்பிட்டார்கள். ஆற்றில் இறங்கிக் கல்லைப் புரட்டி, அடியில் எந்தெந்தப் பூச்சியின் இளம்புழுக்கள் வாழ்கின்றன என்று பார்ப்பது அவள் வேலை. அதை வைத்துத்தான் தண்ணீர் நல்லதா கெட்டதா என்று சொல்வாள்.

அன்று பிளாஸ்டிக் ஆலையைத் தாண்டி ஆறு ஓடும் இடத்தில் இறங்கினாள். ஆலையின் மேற்பார்வையாளரான அவள் அண்ணன் கரையில் நின்றான். “ஒரு பிளாஸ்டிக் குருணைகூட ஆத்துல விழல” என்று முந்தின நாள்தான் ஊர்க் கூட்டத்தில் அடித்துச் சொல்லியிருந்தான்.

ஆலைக்கு மேல்பக்கம், தண்ணீர் வரும் திசையில், கல்லுக்குக் கல் விதவிதமான புழுக்கள் இருந்தன. இங்கே ஒரே வகைதான். மணலை ஒட்டித் தன் உடம்பைச் சுற்றிக் குழல்போல வீடு கட்டும் புழு. அவள் அதைக் கொத்தனார் என்பாள். அவள் எடுத்துத் தட்டில் விட்ட கொத்தனாரின் வீட்டில் மணலே இல்லை, முழுக்க நீலக் குருணை.

“அதத் தூக்கிப் போட்டுடும்மா. ஒரு பூச்சிக்காக அண்ணன் வயித்துல அடிக்காத.”

அவளுக்குக் கோபம் தலைக்கேறியது. கரையேறிக் குனிந்து, அவன் கால்சட்டை மடிப்பில் சிக்கியிருந்த நீலக் குருணை ஒன்றை எடுத்துத் தட்டில் போட்டாள்.

புழு தலையை நீட்டி அதை இழுத்துக்கொண்டது. தன் சுவரில் வைத்து ஒட்டத் தொடங்கியது.