உள்ளங்கையில் எடை பார்த்த கன்னியம்மா

கன்னியம்மா அக்கா போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது, இருமல் மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கும் தாள் ஒன்றைத் தமிழில் எழுதிக்கொண்டிருந்தேன். கூப்பிட்டது அவர் மகள் செல்வி. "மாமா, அம்மா பூட்ச்சி" என்றாள். காலையில் இறால் ஏலத்தை முடித்துவிட்டு டீ குடிக்க உட்கார்ந்தவர், நெஞ்சு வலிக்கிறது என்று சொல்லி அப்படியே சாய்ந்துவிட்டாராம். "போன்ல அய்துகினு இருக்காத மாமா, கெளம்பி வா" என்று அவள் எனக்குத் தைரியம் சொல்லும்படி ஆகிவிட்டது. ராயபுரத்திலிருந்து அக்காவின் மீனவ ஊரான நெட்டுக்குப்பம் போய்ச் சேரும்வரை பேருந்தில் எனக்கு அழுகையும் சிரிப்பும் மாறி மாறி வந்தன. பக்கத்தில் இருந்தவர் எதற்கு வம்பு என்று எழுந்து வேறு இருக்கைக்குப் போய்விட்டார்.

இதைப் படிக்கிறவர்களில் பலர் அக்காவிடம் திட்டு வாங்கியிருப்பீர்கள். வாங்காதவர்கள் அவரைச் சரியாக அறியாதவர்கள் என்றுதான் சொல்வேன். ஆள் குள்ளம். ஆனால் அவர் ஏலம் கூவினால் ஆற்றின் அக்கரையில் வலை தைப்பவர்கள்கூடத் திரும்பிப் பார்ப்பார்கள். அவருடைய ஏலத்தில் ஒரே ஒரு சட்டம்தான். கூடையோடு ஏலம் கிடையாது. கொண்டுவந்த இறாலை விரிப்பில் முழுவதும் கொட்ட வேண்டும். மேலே பெரிய இறாலைப் பரப்பி அடியில் பொடியை மறைத்துக் கொண்டுவந்தவர்கள் அங்கேயே மானம் போய் நிற்பார்கள். "மேல கீறத நானே பாத்துக்கறேன். அடியில கீறத காட்டு" என்பார். சொந்தத் தம்பி கொண்டுவந்த கூடைக்கும் இதே பேச்சுதான்.

அக்காவும் இன்னும் பதினோரு பெண்களும் சேர்ந்து ஆற்றோரக் கொட்டகையில் ஒரு பெரிய ஃபிரீசர் வைத்திருந்தார்கள். விற்காமல் மிஞ்சிய இறாலை வந்த விலைக்குத் தள்ளிவிடாமல் மறுநாள் வரை வைத்திருக்க அவர்களுக்கு அது ஒன்றுதான் வழி. கொட்டகை வாசலில் நின்றால் அனல் மின் நிலையத்தின் புகைபோக்கிகள் தெரியும். ஆனாலும் சாயங்காலம் ஆனால் வோல்டேஜ் இறங்கி ஃபிரீசர் முனகத் தொடங்கிவிடும். இரண்டு முறை மோட்டார் எரிந்துபோனது. போதாததற்கு அந்தப் பெட்டிக்கு வீட்டு மின் கட்டணம் இல்லை, அதைவிட அதிகமான கடைக் கட்டணம். மேலே போகும் உயர் அழுத்தக் கம்பிகளைக் காட்டி அக்கா சொல்வார்: "எங்க தல மேலதான் இட்டுகினு போறான். கீய ஒரு சொட்டு வுட மாட்றான்."

அந்தப் பக்கத்தில் ஒரு டேட்டா சென்டர் வரப்போகிறது என்று கருத்துக் கேட்புக் கூட்டம் அறிவித்தார்கள். திட்ட அறிக்கையைத் தமிழாக்கும் வேலை ஒரு ஏஜென்சி மூலம் என்னிடம் வந்தது. நாள் குறைவாக இருந்தது. "பின்னாடி இருக்கற இணைப்பெல்லாம் வுட்ருங்க சார், யார் படிக்கப்போறாங்க" என்றார்கள். எனக்கும் அது வசதியாகவே இருந்தது. இணைப்புகளைக் கத்தரித்துவிட்டு, அட்டையில் மட்டும் கொஞ்சமும் கூச்சமில்லாமல் 'முழு அறிக்கையின் தமிழ் வடிவம்' என்று போட்டேன். முப்பது வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். மொழிபெயர்ப்பை எடை போட்டுப் பார்க்கிற ஆளை அதுவரை நான் சந்தித்ததில்லை.

கூட்டத்தில் யாராவது தமிழில் சந்தேகம் கேட்டால் சொல்ல வேண்டும் என்று என்னையும் ஓர் ஓரத்தில் உட்கார வைத்திருந்தார்கள். அக்காவின் முறை வந்தது. மேடை அருகே போனார். மேசையில் இருந்த ஆங்கில அறிக்கையை இடது உள்ளங்கையிலும் தமிழ் அறிக்கையை வலது உள்ளங்கையிலும் வைத்துத் தூக்கிப் பார்த்தார். ஏலத்தில் தராசுக்கு முன்னால் அவர் கைதான் எடை சொல்லும் என்பது குப்பத்துக்காரர்களுக்குத் தெரியும். அதிகாரிகளுக்குத் தெரியாது. பந்தலில் இருந்த பெண்கள் மட்டும் கழுத்தை நீட்டிக்கொண்டு காத்திருந்தார்கள்.

"இது ரெண்டு கிலோ கீது. இது கால் கிலோ" என்றார் அக்கா. "மிச்ச எறா எங்க சார்?"

பந்தல் முழுக்கச் சிரிப்பு. தலைமை வகித்த அதிகாரி அட்டையைப் பார்த்தார், பிறகு நிறுவனத்தின் மேலாளரைப் பார்த்தார். மேலாளர் ஏஜென்சிக்காரரைப் பார்த்தார். ஏஜென்சிக்காரர் செல்போனைப் பார்த்தார். "இத்த எய்துன ரைட்டரு யாருப்பா?" என்று அக்கா கேட்டதும் என் கால்கள் தாமாகவே எழுந்து நின்றன. என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "பாக்கறதுக்கு நல்ல மனுசனா கீற. கூடைய கொட்டாம வந்துட்டியே ரைட்டரே" என்றார். இதைவிடக் கெட்ட வார்த்தையில் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

முழுவதும் தமிழில் தந்த பிறகுதான் கூட்டம் என்று சொல்லி அதிகாரி அதை ஒத்திவைத்தார். மிச்சத்தை எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. எழுத எழுதத்தான் எதை வெட்டியிருக்கிறேன் என்று புரிந்தது. எழுதி முடித்ததும் ஏஜென்சிக்கு அனுப்புவதற்கு முன்னால் கொட்டகைக்குத்தான் எடுத்துக்கொண்டு போனேன். பெண்கள் இறால் உரித்துக்கொண்டிருந்தார்கள். நான் ஒரு மீன்பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்து வாசித்தேன். 'தடையற்ற மின்சாரம் உறுதிசெய்யப்படும்' என்று வந்தபோது அக்கா நிறுத்தினார்.

"யாருக்கு?"

சொன்னேன். நிறுவனத்துக்குச் சொந்த லைன் வரும்வரை குப்பத்துக்கு மின்சாரம் வரும் அதே துணை மின் நிலையத்திலிருந்து எடுத்துக்கொள்வார்கள். பற்றாக்குறை வந்தால் டேட்டா சென்டருக்குத்தான் முதல் உரிமை. அதோடு மின் கட்டணத்தில் சலுகையும் கேட்டிருக்கிறார்கள். இவ்வளவும் நான் கத்தரித்துப் போட்ட இணைப்பில் இருந்தது. உரித்துக்கொண்டிருந்த கைகளெல்லாம் நின்றுவிட்டன. ஃபிரீசர் மட்டும் முனகிக்கொண்டிருந்தது. எனக்குத் தலை நிமிரவில்லை. அக்காதான் பேசினார்: "வுடு ரைட்டரே. சின்ன வயசுல நானும் அடியில பொடி எறா வச்சி வித்தவதான். ஊர் முன்னால ஒரு வாட்டி மாட்டுனேன். அப்பால கை வர்ல." எனக்கு அவர் தந்த பாவமன்னிப்பு அது. ராயபுரத்து மாதா கோயிலில் சாமியாரிடம் முழங்காலிட்டு வாங்கியதெல்லாம் இவ்வளவு சீக்கிரம் கிடைத்ததில்லை.

இரண்டாம் கூட்டத்தை நேரில் பார்த்தவர்கள் இன்றும் அதைப் பேசிச் சிரிக்கிறார்கள். அக்கா மேலாளரிடம் மிகவும் மரியாதையாகத்தான் தொடங்கினார்.

"உங்க கட்டடத்துல இன்னா சார் வெப்பீங்கோ?"

"சர்வர்னு சொல்வோம்மா. கம்ப்யூட்டர்தான். பெட்டி பெட்டியா அடுக்கி வச்சிருப்போம்."

"அது சூடாச்சின்னா?"

"கெட்டுடும்மா. அதனால எப்பவும் சில்லுன்னு வச்சிருக்கணும்."

"கரண்ட்டு பூட்ச்சின்னா?"

"போகவே கூடாதும்மா. ஒரு நிமிஷம்கூட."

"தோ, நம்ம கததான்" என்று அக்கா பெண்கள் பக்கம் திரும்பினார். பிறகு மேலாளரிடம் சொன்னார்: "என்கிட்டயும் ஒரு பொட்டி கீது சார். சூடாச்சின்னா எறா நாறிப்பூடும். கரண்ட்டு போவவே கூடாது. உன் பொட்டிக்கு சலுக ரேட்டு, மொத மரியாத. என் பொட்டிக்கு கட ரேட்டு, கடைசி மரியாத. இது இன்னா ஞாயம்னு நீயே சொல்லு. உன் பொட்டிய வேணாம்னு நாங்க சொல்லல. எங்க பொட்டி ஒயுங்கா ஓடட்டும், அப்பால உன்னுத வைய்யி."

மேலாளர் நல்ல மனிதர். சிரித்துவிட்டார். பிறகு சிரிப்பு அடங்கி, தலைமை அதிகாரியைப் பார்த்தார். தலைமை அதிகாரி அன்று மதியமே கொட்டகைக்கு வந்து ஃபிரீசரைத் திறந்து கையை விட்டுப் பார்த்தார். "சில்லுன்னே இல்லையேம்மா" என்றார். "அத்ததான சார் மைக்குல கத்திகினு கீறோம்" என்றார் அக்கா. குப்பத்துக்குத் தனி டிரான்ஸ்ஃபார்மர் வைத்த பிறகுதான் டேட்டா சென்டருக்கு மின் இணைப்பு என்று நிபந்தனையாக எழுதப்பட்டது. அந்த வரியைத் தமிழில் எழுதியது நான். அதில் ஒரு சொல்லையும் நான் விடவில்லை. கட்டணம் மட்டும் அங்கே முடிவாகவில்லை. அது வேறு அலுவலகம், அதற்கு வேறு கூட்டம் என்று சொல்லிவிட்டார்கள்.

டிரான்ஸ்ஃபார்மர் ஓடத் தொடங்கிய நாளில் அக்கா என்னை வரச்சொல்லியிருந்தார். தேங்காய் உடைத்தார்கள். ஃபிரீசர் முனகாமல் ஓடுவதை எல்லாரும் சுற்றி நின்று குழந்தை தூங்குவதைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தோம். மற்றவர்கள் கலைந்ததும் அக்கா உள்ளே தோள்வரை கையை விட்டு, இறால் பைகளுக்கு அடியிலிருந்து ஒரு ஐஸ்கிரீம் டப்பாவை எடுத்தார். அவருக்குச் சர்க்கரை வியாதி. செல்வி பார்த்தால் வீட்டில் ரகளைதான். "சீக்கிரம் துன்னு" என்று எனக்கும் ஒரு ஸ்பூன் கொடுத்தார். மாம்பழ ஐஸ்கிரீமில் இறால் வாசம் தூக்கியது. முகத்தைச் சுளித்தேன். "இப்ப அப்டிதான்பா செய்றானுங்கோ" என்றார் கண்ணைக்கூடச் சிமிட்டாமல். ஊருக்கெல்லாம் அடியில் இருப்பதைக் காட்டச் சொன்னவர் தன் பெட்டியின் அடியில் மறைத்து வைத்திருந்தது இது ஒன்றுதான்.

அதன் பிறகு சில வாரங்கள்தான் இருந்தார். கடைக் கட்டணத்தை மாற்றச் சொல்லி மனு எழுதுவதற்காக அந்த வாரங்களில் மூன்று முறை என்னை வரவழைத்தார். எழுதியதை நான் வாசிக்க வாசிக்க, "இதுல உன் பாஷ ஜாஸ்தி கீது, எங்க பாஷ கம்மியா கீது" என்று திருத்துவார். அந்தப் பெட்டி எந்தக் கட்டணத்தில் ஓடுகிறதோ அதை வைத்துத்தான் பன்னிரண்டு வீட்டு அடுப்பு எரிகிறது. அதை எழுதச் சொன்னார், எழுதினேன். கட்டணக் கூட்டத்தில் நீயும் பேசு என்று அவர் என்னிடம் சொன்னபோது, நான் எழுதுகிறவன், எனக்கு மேடை வராது என்றேன். "பயமா கீதா? எனக்கும்தான் கீது. அதான் சவுண்டா பேசறேன்" என்றார். அவருக்குப் பயம் இருந்தது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. இன்றும் அதை என்னால் நம்ப முடியவில்லை.

காரியம் முடிந்து கொட்டகையை மறுபடி திறந்தபோது நானும் இருந்தேன். ஃபிரீசரை ஒரு முறை முழுவதும் காலி செய்து துடைத்துவிட்டுத் தொடங்கலாம் என்று பெண்கள் எல்லாவற்றையும் விரிப்பில் கொட்டினார்கள். அடியிலிருந்து ஐஸ்கிரீம் டப்பா உருண்டு வந்தது. பாதி காலி. செல்வி அதைக் கையில் எடுத்தாள். பிறகு, "திருட்டு அம்மா" என்று சொல்லிச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். நாங்கள் எல்லாரும் அப்படித்தான் செய்தோம். இருந்ததைப் பதின்மூன்று பேரும் ஆளுக்குக் கொஞ்சம் தின்று தீர்த்தோம். இறால் வாசம் குறையவே இல்லை.

தின்று முடித்ததும் செல்வி ஒரு கவரை என்னிடம் நீட்டினாள். கட்டணம் பற்றிய கருத்துக் கேட்புக்கு அக்கா பெயர் கொடுத்திருந்தார். அழைப்பு அவர் போன பிறகு வந்திருக்கிறது. "நாங்க எல்லாருமே வந்து பேசறோம் மாமா. அம்மா எடத்துல நீ பேசு" என்றாள். எனக்கு மேடை வராது என்ற பழைய பாட்டைத் தொடங்கினேன். பெண்கள் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அக்காவின் இடத்தில் என் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டேன்.

அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த உள்ளங்கைதான். இப்போது எதை மொழிபெயர்த்து முடித்தாலும் மூலத்தை இடது கையிலும் தமிழை வலது கையிலும் வைத்துத் தூக்கிப் பார்க்கிறேன். செய்தி வந்த அன்று பாதியில் விட்ட இருமல் மருந்துத் தாளையும் அப்படித்தான் தூக்கிப் பார்த்தேன். தமிழ் லேசாக இருப்பதுபோலப் பட்டது. தேடினால், பக்கவிளைவுகளில் ஒன்றை விட்டிருந்தேன். சேர்த்துவிட்டேன்.

கூட்டத்துக்கு இன்னும் சில நாட்கள் இருக்கின்றன. கட்டண அறிக்கை ஆங்கிலத்திலும் தமிழிலும் என் மேசையில் கிடக்கிறது. எழுந்து நிற்கும்போது சொல்ல வந்தது மறந்துபோனால் என்ன செய்வது என்று நேற்று போனில் செல்வியைக் கேட்டேன். அவள் போனைக் காதிலிருந்து எடுத்துக் கொட்டகைக்குள் நீட்டியிருக்க வேண்டும். எனக்கு ஒரே சீரான ஓசை கேட்டது.

"அம்மா பொட்டி ஓடினு கீது மாமா" என்றாள். "அத்த நெனச்சிகினு பேசு."